தையல் மேசை: விக்டோரியா காலத்துக் கவுனும் கார்செட்டும்

விக்டோரியா அரசி இங்கிலாந்தை ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்துப் பெண்களின் உடையமைப்பைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அந்த உடைகளை வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே தைத்துவிட முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கல்லூரி ஆண்டுவிழாவுக்காக, 1860-களின் லண்டனில் நடக்கும் நாடகம் ஒன்றை மாணவியர் தயாரித்து வருகிறார்கள். கதாநாயகிக்கு ஒரு கவுன் தைக்கப் படத்தைக் காட்டி, நல்ல பெயருள்ள தையற்காரரிடம் பட்டுத்துணி கொடுத்தோம். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அணிந்து பார்த்தால் நைட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டியதுபோல் தொங்குகிறது. தவறு எங்கே நேர்ந்தது?
— ஆங்கிலப் பேராசிரியை, கோயம்புத்தூர்

தையற்காரரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் படத்தில் தெரிந்ததைத் தைத்திருக்கிறார். படத்தில் தெரியாததுதான் அந்த உடையின் பாதி. அக்காலத்துக் கவுனுக்கென்று சொந்தமாக ஒரு வடிவம் கிடையாது. உள்ளே இருக்கும் கார்செட்டும் (விறைப்பான பட்டைகள் செருகி, நாடாவால் இடையை இறுக்கிக் கட்டும் உள்கச்சை) வளையப் பாவாடையும் எந்த வடிவத்தைத் தருகின்றனவோ, அதன்மேல் கவுன் படிந்து நிற்கும். ஆகவே வேலையை உள்ளிருந்து தொடங்க வேண்டும். ஓர் உடுப்பைத் தைத்து முடித்து, அதை அணிந்துகொண்டே அடுத்த உடுப்புக்கு அளவெடுக்க வேண்டும். வெறும் உடம்பில் எடுத்த அளவுக்குக் கவுன் தைத்தால், பிறகு கார்செட் கட்டும்போது மார்பு மேலேறி இடை மாறிவிடும். அளவு ஒன்றும் பொருந்தாது.

அந்த ஆண்டுகளில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் முதலில் முழங்கால் வரை தொங்கும் ஷெமீஸ் என்ற வெள்ளை உள்ளங்கியை அணிவாள். நம் வீடுகளில் சிறுமியருக்குப் போடும் சிமிஸ் பெயரைப் பெற்றது இதனிடமிருந்துதான். அதன்பின் கால்சட்டை, காலுறை, காலணி. அவற்றுக்குப் பிறகே கார்செட். கார்செட்டை முடிந்துவிட்டால் குனிந்து காலணி மாட்டுவது எளிதன்று என்பதால் இந்த வரிசை. அதற்கு மேல் ஓர் உள்பாவாடை, எஃகு வளையங்கள் கோத்த கிரினோலின், வளையத்தின் வரி வெளியே தெரியாமல் மறைக்க இன்னொரு பாவாடை, இவை எல்லாம் முடிந்தபிறகு கவுனின் பாவாடையும் மேற்சட்டையும்.

கிரினோலின் என்பது முதலில் குதிரைமயிர் கலந்து நெய்த விறைப்பான துணியின் பெயர். அதில் தைத்த பாவாடையோடு இன்னும் பல பாவாடைகளை அடுக்கி உடுத்தித்தான் 1850-களின் தொடக்கத்தில் அகலத்தைக் கொண்டுவந்தார்கள். 1856-இல் எஃகு வளையக் கூண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டதும் அந்தப் பாரமெல்லாம் ஒரே நாளில் தேவையற்றதாயிற்று. பெண்கள் அதை அவ்வளவு விரைவாக ஏற்றதற்கு அழகைவிடக் கால்களுக்குக் கிடைத்த விடுதலையே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் நாடகத்துக்கு எஃகு தேட வேண்டியதில்லை. எஃகு வருவதற்கு முன் வளையப் பாவாடைகளுக்குப் பிரம்பும் பயன்பட்டிருக்கிறது. கூடை முடைபவர்களிடம் கிடைக்கும் மெல்லிய பிரம்பை நனைத்து வளைத்து, நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று நான்கு விரல் ஏறும்படி நூலால் இறுக்கிக் கட்டினால் போதும். ஐந்து வளையங்கள் போதுமானவை. அடி வளையத்தின் சுற்றளவு 110 அங்குலம் இருக்கட்டும். அது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்க வேண்டும், இல்லையேல் படியேறும்போது கால் சிக்கும். தைத்து முடித்த கவுனையும் வீணாக்க வேண்டாம். வளையத்தின்மேல் போட்டதும் அதன் உயரம் குறைந்து அடி மேலே தூக்கிக்கொள்ளும். அந்தக் குறையை மறைக்க அதே துணியில் ஓர் அகலமான சுருக்கப் பட்டியை அடியில் சேர்த்துவிடுங்கள். அடுக்கடுக்கான சுருக்கப் பட்டிகள் அக்காலத்து நாகரிகமே என்பதால் ஒட்டுப்போட்டதாக யாரும் நினைக்கமாட்டார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மேடையில் குத்துவிளக்கு ஏற்றும் வழக்கமிருந்தால், கவுன் அணிந்தவரை அதன் அருகில் விடாதீர்கள். வளையப் பாவாடை அணிந்தவருக்குத் தன் உடையின் ஓரம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. உள்ளே காற்று நிறைந்திருப்பதால் பற்றிய தீ நொடியில் மேலேறும். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் மனைவி 1861-இலும், எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த சகோதரியர் இருவர் 1871-இலும் உடையில் தீப்பிடித்தே மாண்டார்கள்.

எனக்கு 1880-களின் கார்செட் ஒன்று தைக்க ஆசை. வாங்கிய காகித மாதிரியில் என் அளவுக்கு எதை வெட்டுவது என்று புரியவில்லை. மார்பு 36, இடை 30, இடுப்பு 40 அங்குலம். எத்தனை அங்குலம் குறைத்துத் தைக்க வேண்டும்?
— வாசகி, டொராண்டோ

குறைக்க வேண்டிய இடம் இடை ஒன்றுதான். மார்பிலும் இடுப்பிலும் ஓர் அங்குலம்கூடக் குறைக்கக் கூடாது. முதல்முறை தைப்பவர்கள் எல்லாரும் செய்யும் பிழை மூன்றையும் சேர்த்துக் குறைப்பதுதான். இடையில் அழுந்திய சதை மேலும் கீழும் போக இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் மேல்விளிம்பு முதுகில் வெட்டும். கீழ்விளிம்பு தொடையில் குத்தும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 அங்குல இடையை 27 அங்குலமாக்குவது முதல் கார்செட்டுக்குப் போதும். முதுகில் நாடா கோக்கும் இரு ஓரங்களுக்கு இடையே இரண்டு அங்குலம் இடைவெளி விடுவது வழக்கம். ஆக, கார்செட்டின் துணி இடையில் 25 அங்குலம், மார்பில் 34, இடுப்பில் 38 இருக்க வேண்டும். இதில் பாதியை ஒரு பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு, ஐந்தோ ஆறோ துண்டுகளில் பகிர்ந்துகொள்ளுங்கள். அளவெடுக்கும்போது ஒரு நாடாவை இடையில் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் இருபுறமும் வளையுங்கள். நாடா தானாகப் போய் உட்காரும் இடமே உங்கள் உண்மையான இடை. நாம் சேலை கட்டும் இடம் அதைவிடத் தாழ்வானது. அந்தப் பழக்கத்தில் அளவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடையிலிருந்து தொடை மடியும் இடம் வரையிலும் அளந்துகொள்ளுங்கள். முன்பகுதி அதைவிட நீளமாக இருந்தால் உட்கார முடியாது.

இதன்பின் நல்ல துணியைத் தொடாமல், மலிவான தடித்த காடாத் துணியில் ஒன்றைத் தைத்துப் பாருங்கள். ஓரங்களில் தற்காலிகமாகக் கம்பி செருகி, முதுகில் நாடா கோத்து, அணிந்தபின் அந்த இடைவெளியைக் கண்ணாடியில் பாருங்கள். கார்செட் உங்களிடம் பேசுவது அந்த வழியாகத்தான். இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக ஓடினால் அளவு சரி. மேலே விரிந்து கீழே குறுகினால் மார்பு போதவில்லை. கீழே விரிந்தால் இடுப்பு போதவில்லை. உடுக்கைபோல் நடுவில் மட்டும் குறுகினால் மேலும் கீழும் இரண்டும் போதவில்லை. துணியை எந்தெந்த மூட்டில் விட வேண்டுமோ அங்கே பிரித்து, ஒட்டுத் துணி வைத்து, மீண்டும் அணிந்து பாருங்கள். எனக்கு மூன்றாவது காடாவில்தான் அளவு சரியாக வந்தது. இன்றும் இரண்டுக்குக் குறைந்து நான் தைப்பதில்லை.

நீங்கள் 1880-களைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். முன்புறம் திறந்து மூடும் எஃகுப் பட்டைக்குப் பஸ்க் என்று பெயர். 1870-களின் தொடக்கத்திலிருந்து அது அடியில் கரண்டிபோல் அகன்று, வயிற்றை அணைத்து உள்வளைந்த வடிவத்தில் வந்தது. நேரான பஸ்க்கை விட இது விலை கூடுதல், பொருத்துவதும் கடினம். முதல் கார்செட்டுக்கு நேரானதையே வாங்குங்கள். வளையம் உள்ள பாதி அணிபவரின் வலப்பக்கத்திலும், குமிழ் உள்ள பாதி இடப்பக்கத்திலும் வர வேண்டும். குமிழ்களுக்குத் துளையிடக் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். குத்தூசியை மெல்லத் திருகி நூல்களை விலக்கி வழி செய்துகொண்டு, அந்த வழியே குமிழைத் தள்ளுங்கள். ஒரு நூலும் அறாததால் துளை நாள்பட நாள்படக் கிழியாது.

இங்கே ஒரு வாடிக்கையாளர் நடனக் குழுவுக்காகக் கார்செட் கேட்கிறார். புத்தகங்களில் சொல்லும் துணியும் எலும்பும் எங்கள் ஊர்க் கடைவீதியில் கிடைக்கவில்லை. மாற்று என்ன?
— தையற்கடை நடத்துபவர், மதுரை

அந்தத் துணியின் பெயர் கூட்டில். நம் காதுக்குப் பறவை குடியிருக்கும் இடம்போல் ஒலித்தாலும், அது மீன்முள் வரிசையாக மிக நெருக்கி நெய்த பருத்தி. அதன் சிறப்பு ஒன்றுதான்: எந்தப் பக்கம் இழுத்தாலும் நீளாது. அந்தக் குணம் எந்தத் துணியில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். கடையில் நிற்கும்போதே துணியின் ஒரு முழத்தை நேர்நூலிலும் குறுக்கு நூலிலும் மூலைவாட்டான கிராஸிலும் இழுத்துப் பாருங்கள். நெருக்கமான பருத்தி ட்ரில்லும் பை தைக்கும் கேன்வாஸும் பெரும்பாலும் தேறிவிடும். இரண்டு அடுக்காக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் இடைக்கோடு நூலோட்டத்துக்குச் சரியாகப் படும்படி வையுங்கள். ஜீன்ஸ் துணியில் லைக்ரா கலந்திருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அணிந்த அரைமணியில் இரண்டு அங்குலம் இளகிவிடும். எந்தத் துணியானாலும், உட்புறத்தில் இடையைச் சுற்றி ஓர் அங்குல அகலமுள்ள, நீளாத பருத்தி நாடாவை வைத்துத் தைத்துவிடுங்கள். இழுவிசையின் பெரும்பங்கைச் சுமப்பது அந்த நாடாதான்.

எலும்பு என்பது பெயரளவில்தான் எலும்பு. அக்காலத்தில் பயன்பட்டது சிலவகைத் திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து சீப்புப் பற்கள்போல் தொங்கும் தகடு. நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள். சூடுபடுத்தினால் வளைந்து கொடுக்கும், ஆறினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். இன்று அதன் இடத்தில் எஃகுப் பட்டையும், இருபுறமும் வளையும் சுருள் எஃகும் வந்துவிட்டன. அவை அஞ்சலில் வந்துசேரும்வரை காத்திருக்க முடியாவிட்டால் மின்சாதனக் கடைக்குப் போய், பெரிய கேபிள் கட்டுகளை இறுக்கப் பயன்படும் 9 மில்லிமீட்டர் அகலமுள்ள தடித்த கேபிள் டைகளைக் கேளுங்கள். தலையை வெட்டி நீக்கி, நுனியை நகவெட்டியால் உருட்டி, உப்புத்தாளில் தேய்த்துவிட்டால் மேடைக்கான கார்செட்டுக்கு அவை நன்றாகவே உழைக்கின்றன. கவுன்களின் மார்புப் பகுதியில் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை மட்டும் வேண்டாம். உடல்சூட்டில் வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும். பெட்டிகளைக் கட்டும் இரும்புப் பட்டையையும் தொடாதீர்கள். வியர்வையில் துருப்பிடிக்கும், ஓரம் துணியை அறுக்கும்.

பஸ்க் கிடைக்காவிட்டால் கவலை இல்லை. திறந்து மூடும் பஸ்க் 1829-இல் பிரான்சில் காப்புரிமை பெற்றிருந்தாலும், பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது அந்த நூற்றாண்டின் நடுவில்தான். அதற்கு முந்தைய கார்செட்டுகளின் முன்புறம் மூடியே இருக்கும். நடுவில் ஒரு நீண்ட பை தைத்து, அதில் மரத்தாலோ எஃகாலோ ஆன ஒற்றைப் பட்டையைச் செருகுவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் ஓரடி மர அடிக்கோலின் ஓரங்களை உப்புத்தாளில் மழுக்கி அந்தப் பையில் செருகினால், 1840-களின் கார்செட்டுக்கு அது மிகப் பொருத்தம். முன்புறம் திறக்காததால் அணியவும் கழற்றவும் முதுகு நாடாவை முழுதாக இளக்க வேண்டும். நடனக் குழுவில் உதவிக்கு ஆள் இருப்பார்கள் அல்லவா?

நான் கார்செட் தைக்கத் தொடங்கியதும் அம்மா கடுமையாக எதிர்க்கிறார். விலா எலும்பை வெட்டிக்கொண்டு 16 அங்குல இடைக்கு இறுக்குவார்களாமே, மூச்சடைத்து விழுவார்களாமே என்கிறார். அம்மாவுக்கு என்ன சொல்லட்டும்?
— வாசகி, யாழ்ப்பாணம்

விலா எலும்பை அகற்றியதாகச் சொல்வது கதை. அந்தக் காலத்தில் அப்படி ஓர் அறுவை நடந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. மயக்கமருந்தே 1840-களின் இறுதியில்தான் வந்தது என்பதையும், நுண்கிருமி தடுக்கும் முறைகள் அதற்கும் பிந்தியவை என்பதையும் நினைத்துப் பார்த்தால், இடை மெலிய வேண்டும் என்பதற்காக ஒரு பெண் கத்திக்குக் கீழே படுத்திருப்பாள் என்று நம்புவது கடினம்.

இடையளவு பற்றிய பேச்சில் பாதி கணக்குப் பிழை. கார்செட்டின் அளவு என்று விளம்பரத்தில் போடுவது, முதுகு ஓரங்கள் ஒன்றோடொன்று முட்டும் நிலையில் உள்ள அளவு. அணியும்போது இரண்டு அங்குலமோ கூடுதலாகவோ இடைவெளி விட்டால், 22 என்று எழுதிய கார்செட்டை அணிந்தவரின் இடை 24 அல்லது 25. இன்னொரு பாதி கண்மாயம். 110 அங்குலப் பாவாடைக்கு மேலே நிற்கும் எந்த இடையும் சிறுத்துத்தான் தெரியும். 1890-களின் நடுவில் பலூன்போல் உப்பிய கைகளும் இதே வேலையைச் செய்தன. நம் புலவர்கள் துடியிடை என்று பாடியபோதும் யாரும் இஞ்சுடேப் வைத்து அளந்து பாடவில்லை.

இதற்காக, இறுக்கிக் கட்டுவது நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தது, மருத்துவர்கள் கண்டித்து எழுதினார்கள், 1881-இல் லண்டனில் தொடங்கப்பட்ட பகுத்தறிவு உடைச் சங்கம் கார்செட்டையும் எடைமிகுந்த பாவாடைகளையும் எதிர்த்தது. ஆனால் அன்றாடம் கார்செட் அணிந்தவர்களில் உழைக்கும் பெண்களும் இருந்தார்கள். நான் வசிக்கும் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து ரயிலில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய மார்க்கெட் ஹார்பரோ என்ற சிற்றூரில் சைமிங்டன் குடும்பத்தார் நடத்திய கார்செட் தொழிற்சாலை இருந்தது. அந்தக் கட்டடத்தில் இப்போது நூலகமும் அருங்காட்சியகமும் உள்ளன. அவர்கள் 1890 வாக்கில், அழகிய பணிப்பெண் என்று பொருள்படும் பெயரில், வீட்டுவேலை செய்யும் பெண்களுக்காகவே ஒரு கார்செட்டை விற்றார்கள். எஃகைக் குறைத்து, கயிறுகளை வரிவரியாகச் செருகித் தைத்த, வளைந்து கொடுக்கக்கூடிய மலிவான கார்செட் அது. தரை துடைத்து, கரி அள்ளி, மாடிப்படி ஏறி இறங்கும் பெண் மூச்சடைக்க இறுக்கிக்கொண்டிருந்தால் அந்த வேலை நடந்திருக்காது.

அம்மாவின் அச்சத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. முதல் நாள் ஒரு மணிநேரத்துக்கு மேல் அணிய வேண்டாம். வலியோ மரப்போ மூச்சுமுட்டலோ தோன்றினால் உடனே நாடாவை இளக்குங்கள். கருவுற்றிருப்பவர்களும், வயிறு, நுரையீரல், முதுகெலும்புத் தொல்லை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது.

முதல்முறை கட்டியபோதே நாடா கோக்கும் வளையங்கள் இரண்டு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. ஏன்?
— வாசகி, சிங்கப்பூர்

பின்புறம் துணியைக் கவ்வும் வாஷர் தகடு இல்லாத ஐலெட் வளையத்தைப் போட்டிருப்பீர்கள். நானும் முதல் கார்செட்டில் அதையே செய்தேன். ஒரு நண்பரின் வீட்டு விருந்தில் சோற்றுத் தட்டை வாங்கக் குனிந்தபோது மூன்று வளையங்கள் அடுத்தடுத்துத் தெறித்தன. முன்னும் பின்னும் இரண்டு பகுதிகளாக வந்து, நடுவில் துணியைக் கவ்வும் ஐலெட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஐலெட் வரிசையின் இருபுறமும் ஒவ்வோர் எஃகுப் பட்டை ஓட வேண்டும்; இடைக்கு அருகில் வளையங்களை இன்னும் நெருக்கி வையுங்கள். பொறுமை இருந்தால் குத்தூசியால் துளையிட்டுக் காஜாத் தையலாலேயே சுற்றிவிடலாம். உலோக வளையம் வருவதற்கு முன் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். நன்றாகத் தைத்தது பிய்வதில்லை.

இயந்திரத்தில் தைத்தால் அது உண்மையான விக்டோரியா உடை ஆகுமா? முழுவதையும் கையால்தான் தைக்க வேண்டுமா?
— வாசகர், புதுச்சேரி

எலியாஸ் ஹோ தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1846-இல். ஐசக் சிங்கர் பெற்றது 1851-இல். ஆகவே 1860-களுக்குப் பிந்தைய உடையில் நீண்ட மூட்டுகளை இயந்திரத்தில் ஓட்டுவது வரலாற்றுக்கு மாறானதன்று. காஜா, கரை மடிப்பு, பாவாடையை இடுப்புப் பட்டியில் சேர்ப்பது ஆகியவற்றைக் கையால் செய்யுங்கள். 1840-களின் உடை என்றால் எல்லாமே கைத்தையல்தான். வெளியே தெரியும் இடத்தில் ஜிக்ஜாக் தையல் மட்டும் எந்த ஆண்டுக்கும் வேண்டாம்.

நான்கு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள பாவாடையை 27 அங்குல இடுப்புப் பட்டிக்குள் கொண்டுவர முயன்று தோற்றுவிட்டேன். சாதாரணச் சுருக்கம் வைத்தால் மூட்டைபோல் தடிக்கிறது. வளையத்தின்மேல் போட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, அடி கோணலாகத் தெரிகிறது.
— வாசகி, திருநெல்வேலி

உங்களுடைய இரண்டு சிக்கலுக்கும் ஒரே இடத்தில் தீர்வு இருக்கிறது. பாவாடையின் அடியைத் தொடாதீர்கள். மேல்விளிம்பில் வேலை செய்யுங்கள்.

44 அங்குல அகலத் துணியில் நான்கு பட்டைகளை நேராகவே வெட்டி இணையுங்கள். அடியைத் துணியின் நூலோட்டத்துக்கு நேராக முதலிலேயே மடித்து முடித்துவிடுங்கள். இப்போது கார்செட்டும் வளையமும் வளையத்தை மறைக்கும் பாவாடையும் அணிந்துகொண்டு, இடையிலிருந்து தரைக்கு முன்னும் பக்கமும் பின்னும் அளந்தால், முன்பக்கம் 38 அங்குலமும் பின்பக்கம் 42 அங்குலமும்போல் வேறுபாடு வரும். அந்த வேறுபாட்டைப் பாவாடையின் மேல்விளிம்பில் உட்புறமாக மடிக்க வேண்டும். முன்னால் ஐந்து அங்குலம் மடித்தால் பின்னால் ஓர் அங்குலம் மடிப்பது என்பதுபோல, படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். மடிந்த துணியை வெட்டி எறிய வேண்டாம். அது உள்ளே கிடந்து மடிப்புகளுக்குத் தடிமன் தரும். பிறகு வேறொருவருக்காக நீளத்தைக் கூட்டவும் உதவும். அடி நேர்நூலில் இருப்பதால் கட்டமோ கோடோ உள்ள துணி தரையோடு இணையாக ஓடும். இந்த நேர்த்தியை அடியை வளைத்து வெட்டிப் பெற முடியாது.

அடுத்தது சுருக்கம். நூலை இழுத்து ஏனோதானோவென்று சுருக்குவதை மறந்துவிடுங்கள். மடித்த விளிம்புக்குக் கால் அங்குலம் கீழே, அரை அங்குலத்துக்கு ஒரு புள்ளியாகச் சாக்கால் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கால் அங்குலம் கீழே அதே புள்ளிகளுக்கு நேராக இரண்டாம் வரிசை, அதற்கும் கீழே மூன்றாம் வரிசை. கெட்டியான நூலை இரட்டையாக எடுத்து, மூன்று வரிசையிலும் ஊசி ஒரே புள்ளியில் ஏறி ஒரே புள்ளியில் இறங்கும்படி ஓட்டுங்கள். மூன்று நூலையும் சேர்த்து இழுக்கும்போது துணி கசங்காமல், ஆர்மோனியத்தின் துருத்திபோல் ஒரே உயரமான மடிப்புகளாக எழுந்து நிற்கும். துணி மெல்லியதாக இருந்தால் மேல்மடிப்புக்குள் ஃபிளானல் பட்டை ஒன்றைச் செருகிவிட்டு ஓட்டுங்கள். மடிப்புகளுக்குச் சதை வரும்.

முடிவில் இந்த மடிப்புகளை இடுப்புப் பட்டிக்குள் திணிக்கக் கூடாது. பட்டியைத் தனியாகத் தைத்து முடித்துவிட்டு, அதன் கீழ்விளிம்பில் ஒவ்வொரு மடிப்பின் முகட்டையும் தொட்டு, இரண்டிரண்டு கைத்தையலாகச் சுற்றித் தைக்க வேண்டும். மடிப்புகள் பட்டிக்கு வெளியே கீல்போல் அசையும். தடிப்பு இராது, பாவாடை பட்டியிலிருந்து குதித்தெழுந்து வளையத்தின்மேல் விழும். இந்த ஒரு வேலைக்கே இரண்டு மாலைப் பொழுதுகள் பிடிக்கும். 1840-களிலிருந்து 1860-களின் நடுப்பகுதிவரை உள்ள பாவாடைகளுக்கு இதுவே முறை; அதன்பின் மேலே குறுகிக் கீழே விரியும் துண்டுகளாக வெட்டத் தொடங்கியதும் முன்பக்கச் சுருக்கம் மறைந்துபோயிற்று.

அடியின் உட்புறத்தில் தடித்த பருத்தியை ஒரு சாண் அகலத்துக்கு வைத்துத் தைத்து, விளிம்பில் கம்பளி நாடா கட்டுங்கள். தரையில் உரசித் தேய்வது நாடாவாகவே இருக்கும். பழைய கவுன்களில் அந்த நாடாவை மாற்றிய தையல் தடங்களைப் பார்த்திருக்கிறேன். நாம் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் அதே அக்கறைதான்.

என் பிரின்சஸ் கட் ஜாக்கெட்டின் மாதிரியை வைத்தே கவுனின் மேற்சட்டையை வெட்டலாமா?
— தையல் பயிலும் மாணவி, சேலம்

நீங்கள் தொடங்குவதற்கு அது நல்ல இடம். இடையில் குறுக்குத் தையல் இல்லாமல், மார்பிலிருந்து கீழே நீளமாக ஓடும் தையலால் உடலைப் பிடிக்கும் வெட்டு 1870-களின் இறுதியில் பெரும் நாகரிகமாக இருந்தது. அதற்கும் அப்போதே பிரின்சஸ் என்றுதான் பெயர். ஆனால் 1860-களுக்கு வேண்டுமென்றால் மூன்று இடங்களில் மாற்ற வேண்டும். நம் ஜாக்கெட்டில் தோள் மூட்டு உச்சியில் ஓடும். அக்கால மேற்சட்டையில் அது முதுகுப்பக்கமாகத் தள்ளியே இருக்கும். கைக்குழி தோள்முனையைத் தாண்டிச் சற்றுக் கீழே இறங்கும். முதுகுத் துண்டு வியப்பூட்டும் அளவுக்குக் குறுகலாக, இரு பக்கமும் வளைந்த தையலோடு இடைநோக்கி வரும்.

வெளித்துணியையும் பருத்தி லைனிங்கையும் தனித்தனியாகத் தைத்து உள்ளே திருப்பும் நம் பழக்கம் இங்கே உதவாது. ஒவ்வொரு துண்டுக்கும் லைனிங்கை அடியில் விரித்து, இரண்டையும் சுற்றிலும் தற்காலிகமாக ஓட்டி, அதன்பின் ஒரே துணியாகக் கருதித் தைக்க வேண்டும். பட்டின் மீது இழுவை விழாமல் லைனிங் தாங்கிக்கொள்ளும். கைக்குழியிலும் கீழ்விளிம்பிலும் கிராஸ் பீஸில் மெல்லிய கயிறு வைத்துப் பைப்பிங் கொடுங்கள்; அந்த இடங்கள் இழுபட்டு நீளாதிருக்க அதுவே காவல். முன்டார்ட்டுகளின் மேல் சிறு எலும்புப் பட்டை வைத்தால் துணி இடையில் சுருண்டு ஏறாது. எல்லா அளவும் கார்செட்டுக்கு மேல் எடுத்தவையாக இருக்க வேண்டும் என்பதைத் திரும்பவும் சொல்கிறேன், மன்னிக்கவும்.

பட்டு வாங்க வசதியில்லை. பாலியெஸ்டரில் தைத்தால் தெரிந்துவிடுமா? கண்ணைப் பறிக்கும் நிறங்கள் அந்தக் காலத்தில் உண்டா?
— வாசகி, ஈரோடு

தெரிந்துவிடும்; அதைவிட, வியர்த்துக் கொட்டும். உங்கள் ஊரிலேயே நல்ல பருத்தி கிடைக்கும்போது அதை விடாதீர்கள். அச்சிட்ட பருத்திக் கவுன்கள் அக்காலத்தில் பகல்வேளைக்கு நன்றாகவே பழக்கத்தில் இருந்தன. நிறத்துக்கு அஞ்ச வேண்டாம்: வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் 1856-இல் கொய்னா மருந்து செய்ய முயன்று, தற்செயலாக மோவ் என்ற ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதன்பின் வந்த செயற்கைச் சாயங்கள் இன்றைய கண்ணுக்கே கூசும். எல்லாரும் மங்கலான பழுப்பில் உலவியதாக நினைப்பது பழைய புகைப்படங்கள் தந்த மயக்கம். பச்சை மட்டும் சிக்கலானது. அக்காலத்துப் பளிச்சென்ற பச்சை ஒன்றில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தது. இன்றைய துணிக்கடைப் பச்சையில் அந்தப் பயம் இல்லை.

கார்செட்டை எப்படித் துவைப்பது?
— வாசகி, தஞ்சாவூர்

துவைக்கவே கூடாது, எஃகு துருப்பிடிக்கும், துணி சுருங்கி அளவு மாறும். வியர்வையை வாங்கிக்கொள்வது உள்ளே அணியும் ஷெமீஸின் வேலை, அதைத் துவையுங்கள். கழற்றிய கார்செட்டை உடனே சுருட்டி வைக்காமல், உட்புறம் வெளியே தெரியும்படி நாற்காலி முதுகில் விரித்து, ஓர் இரவு முழுவதும் காற்றாட விடுங்கள். கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு அடியில் உலர்த்துங்கள்.